படகில் குடியிருப்போருக்கு எந்த ஈரநீக்கி?

அக்டோபர் முடிந்து கரி அடுப்பு மூட்டும் காலம் வந்துவிட்டால், இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டவர்களுக்கு மழையைவிடப் பெரிய கவலை ஒன்று தொடங்கும். படகுக்கு உள்ளேயே உருவாகும் ஈரம். காலையில் எழுந்தால் ஜன்னல் சட்டத்தில் தண்ணீர் வழிந்திருக்கும். மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருக்கும். அலமாரியின் பின்சுவரை ஒட்டித் தொங்கும் கோட்டில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். படகு எங்கோ ஒழுகுகிறது என்று முதலில் தோன்றும். பெரும்பாலும் ஒழுக்கு எதுவும் இருக்காது. அந்தத் தண்ணீர் உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வந்தது.

பிறகு கடைக்குப் போய் ஈரநீக்கி, அதாவது டிஹியூமிடிஃபையர், ஒன்றை வாங்குவார்கள். பெட்டியின்மேல் "20 லிட்டர்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால், ஜனவரியில் அது நாள் முழுக்க உறுமியும் அரைக் குவளைத் தண்ணீர்தான் சேரும். எந்திரம் பழுதில்லை. அந்த எண் வெதுவெதுப்பான அறையில் அளந்து எழுதப்பட்டது. குளிர்காலப் படகு அப்படிப்பட்ட இடமல்ல. ஆகவே ஈரநீக்கி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தன் படகுக்குள் நிலவும் வெப்பநிலையை, அடுத்து மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை. லிட்டர் கணக்கு அவற்றுக்குப் பிறகுதான்.

ஈரம் எப்படிச் சேர்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகான நேரோபோட்டின் அகலம் ஏறக்குறைய 7 அடிதான். நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் பழைய நீர்ப்பூட்டுகளின் (லாக்) அகலம் அவ்வளவுதான் என்பதால் படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். 57 அடி நீளமுள்ள படகு என்றால், மக்கள் புழங்கும் பகுதியில் சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். அப்படியானால் படகு முழுவதற்கும் 690 கிராம். மாலையில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் 415 கிராம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. மீதி இடம் 275 கிராமுக்குத்தான். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவில் நீராவி விடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 600 கிராமைத் தாண்டும். இதற்கிடையில் அடுப்பு அணைந்து அறை 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால், அந்த 40 கன மீட்டர் காற்று தாங்கக்கூடியதே 376 கிராம்தான். மிஞ்சியதில் காற்றோட்டத்தோடு வெளியேறாதது அனைத்தும் சுவரிலும் கண்ணாடியிலும் மெத்தையிலும் இறங்குகிறது.

இறங்கும் இடமும் விதிப்படிதான் அமைகிறது. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீரை விட்டுவிடும். குளிர்ந்த சோடாப் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். படகில் அந்தப் புட்டியின் இடத்தில் இருப்பவை அலுமினிய ஜன்னல் சட்டம், ஒற்றைக் கண்ணாடி, நுரை பூசாமல் விட்டுப்போன இரும்பு விலா, நீர்மட்டத்துக்குக் கீழே 5 டிகிரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடித்தட்டு. கட்டும்போதே கூரையிலும் பக்கங்களிலும் பாலியூரிதேன் நுரை சரியாகத் தெளிக்கப்பட்ட படகில் பாதித் தொல்லை இல்லை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்து இங்கிலாந்துக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தலைகீழாகத் தோன்றும். மழை தூறும் நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்பது நம் ஊர் அனுபவம். நம் ஊரில் அது சரிதான். 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 22 கிராம் நீர் இருக்கிறது. ஆனால் லண்டனின் ஜனவரிக் காற்று 5 டிகிரியில் 90 சதவீதம் என்று காட்டினாலும் அதில் உள்ளது 6 கிராம்தான். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு வந்துவிடும். குளிர்நாட்டில் தூறல் நாளிலும் வெளிக்காற்று உலர்த்தும் காற்றே. காற்றோட்டமும் சூடும் சேர்ந்தால் பாதி வேலை எந்திரமில்லாமலே முடிகிறது.

எனவே எந்திரத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. சட்டிக்கு மூடி போடுங்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. கேஸ் அடுப்பில் சமைக்கும்போது மேலே உள்ள கூரைத் திறப்பு திறந்திருக்கட்டும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரைப் படகில் ஏற்றவே கூடாது. அந்த நீராவி முழுவதையும் அது அறைக்குள்ளேயே விடுகிறது, அதைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் அதில் உண்டு. கரி அடுப்பும் டீசல் ஹீட்டரும் அப்படியல்ல, எரிந்த ஆவியை வெளியே அனுப்பிவிடும். துவைத்த துணியை உள்ளே உலர்த்துவதுதான் பலர் செய்யும் பெரிய கேடு. கடலோரப் படகானால் இன்னொன்றும் உண்டு. உப்பு நீர் பட்ட துணியும் மெத்தையுறையும் எத்தனை உலர்த்தினாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; நல்ல தண்ணீரில் அலசினால்தான் தீரும்.

இதெல்லாம் செய்தும் ஈரம் நிற்கிறது என்றால், எந்திரம் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஓர் ஈரமானி வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. ஒன்றை நடு அறையிலும் மற்றொன்றைப் படுக்கைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ வையுங்கள். மலிவான ஈரமானிகள் சில புள்ளிகள் தவறிக் காட்டலாம். ஒரு சிறிய மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதையும் ஈரமானியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடக்குறையக் காட்டுகிறதோ அதுதான் அதன் பிழை. ஒரு வாரம் காலையும் மாலையும் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் எழுதிவைத்தால், எந்த எந்திரம் வேண்டும் என்பதற்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகை கம்ப்ரஸர் உள்ளது. இதன் உள்ளமைப்பு வீட்டுக் குளிர்பெட்டிக்குள் இருப்பதுதான். ஒரு குழாய்ச் சுருள் குளிர்கிறது, அறைக் காற்று அதன்மேல் ஓடுகிறது, நீர் சொட்டித் தொட்டியில் விழுகிறது. உலர்ந்த காற்று பின்னால் உள்ள சூடான சுருளைத் தொட்டு வெளியே வருகிறது. அறை 20 டிகிரியில் இருந்தால் இது மிகச் சிக்கனமானது. சிக்கல் குளிரில்தான். காற்றிலிருந்து நீரைப் பிரிக்க, சுருள் அந்தக் காற்றின் பனிநிலையைவிட, அதாவது அது நீரை விடத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குளிர்ந்தாக வேண்டும். 8 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பனிநிலையே 4 டிகிரிக்குப் பக்கம். அதற்கும் கீழே போகும் சுருள் எளிதில் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். சொட்ட வேண்டிய நீர் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எந்திரம் வேலையை நிறுத்திப் பனியை உருக்கும், மறுபடி தொடங்கும், மறுபடி உறையும். 15 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க இந்த விரயம் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது டெசிகன்ட் வகை. இதில் கம்ப்ரஸரும் இல்லை, குளிர்வாயுவும் இல்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் பூசிய சக்கரம் ஒன்று மெல்லச் சுழல்கிறது. அறைக் காற்று சக்கரத்தின் ஒரு பகுதி வழியே போகும்போது ஈரம் அதில் தங்குகிறது. மற்றொரு பகுதியில் ஹீட்டரின் சூடான காற்று அந்த ஈரத்தைப் பிடுங்கிக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது நீராகிறது. குளிர்ந்த சுருளை நம்பாததால், அறை உறைநிலையை நெருங்கும்வரை இது வேலை செய்யும். எடையும் குறைவு, பலவற்றில் 6 கிலோ அளவுதான். கம்ப்ரஸர் எந்திரங்கள் 10 முதல் 15 கிலோ. படகின் குறுகிய நடையில் தூக்கி இடம் மாற்றுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

டெசிகன்டின் விலை மின்கட்டணத்தில் தெரியும். உள்ளே ஹீட்டர் இருப்பதால் 300 முதல் 650 வாட் இழுக்கும். படகுக்கேற்ற சிறிய கம்ப்ரஸர் எந்திரத்துக்கு 150 முதல் 250 வாட் போதும். வெதுவெதுப்பான அறையில் ஒரு லிட்டர் நீரை எடுக்க டெசிகன்ட் இரண்டு மடங்குக்கும் மேல் செலவழிக்கும். ஆனால் அந்த மின்சாரம் வீணாவதில்லை. அது முழுவதும் சூடாக அறைக்குள்ளேயே வருகிறது. நீராவி நீராகும்போது விடும் மறைவெப்பமும், லிட்டருக்கு 0.7 யூனிட் அளவில், கூடவே வருகிறது. குளிருக்காக 500 வாட் ஹீட்டர் ஒன்றை எப்படியும் போடப்போகிறவர் அதற்குப் பதிலாக டெசிகன்டைப் போட்டால், அதே செலவில் சூடும் கிடைக்கும், நீரும் வெளியேறும். இதைக் கணக்கில் சேர்க்காமல் டெசிகன்டை மின்சாரம் தின்னும் எந்திரம் என்று ஒதுக்குவது சரியல்ல.

இப்போது பெட்டியின் எண்ணுக்கு வரலாம். ஐரோப்பாவில் விற்கும் கம்ப்ரஸர் எந்திரங்களின் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரியிலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் எடுக்கப்பட்டது. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் நீர் இருக்கிறது. 10 டிகிரியில் 70 சதவீதம் என்றிருக்கும் படகுக் காற்றில் இருப்பது 6.6 கிராம். கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. நீரே குறைவு, அதோடு சுருளும் உறைகிறது. டெசிகன்ட் எந்திரங்களின் எண்ணைப் பலர் 20 டிகிரி, 60 சதவீதத்தில் எடுத்து எழுதுகிறார்கள். ஆகவே கடையில் "20 லிட்டர்" கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நிற்கும் "7 லிட்டர்" டெசிகன்ட் பார்வைக்குத்தான் சிறியது. குளிர்ந்த படகில் அதுவே அதிகம் எடுக்கும். வாங்கும்முன் விவரக்குறிப்பில் எந்த வெப்பநிலையில், எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்று தேடுங்கள். அதை அச்சிடாத எந்திரத்தை விட்டுவிடலாம். இருவர் குடியிருக்கும் நேரோபோட்டுக்கு 7, 8 லிட்டர் டெசிகன்ட் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஒழுக்கைத் தேட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் சுமார் 3,200 கிலோமீட்டரை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதற்கு முன் அரசின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் நிர்வகித்தது. நிலையான கட்டுதுறை இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாக நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி வாழ்பவருக்குக் கரை மின்சாரம் கிடையாது. இருப்பது பேட்டரி. 12 வோல்ட்டில் 440 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருந்தால், கெடாமல் எடுக்கக்கூடிய பாதி சுமார் 2.6 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 350 வாட் டெசிகன்ட் ஆறேழு மணி நேரத்தில் அத்தனையையும் குடித்துவிடும். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் மிச்சமிருக்காது. டிசம்பரில் கூரையின் சூரியத் தகடு தருவது மிகச் சொற்பம். அவர்களுக்கு என் பதில் நேரானது. ஈரநீக்கி வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஜன்னல் உட்தடுப்புக்கும், காய்ந்த விறகு, கரிக்கும், குளியலறைக் காற்றாடிக்கும் செலவிடுங்கள். எரியும் கரி அடுப்பு புகைபோக்கி வழியே அறைக் காற்றை இழுத்து வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், அதுவே ஓர் ஈரநீக்கிதான். எஞ்சின் ஓடி பேட்டரி ஏறும் நேரத்தில் மட்டும் எந்திரத்தைப் போட்டுக்கொள்ள விரும்பினால், இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை வகையா என்று பாருங்கள். கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படகுத்துறையில் கரை மின்சாரத்தோடு நிற்பவருக்குத் தயக்கம் வேண்டாம். பகலில் வேலைக்குப் போய் மாலை திரும்புபவர், அடுப்பு அணைந்து படகு 8, 10 டிகிரிக்கு இறங்குகிறது என்றால், டெசிகன்ட். வீட்டிலிருந்தே வேலை செய்து, இரவும் பகலும் 18 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பவர் என்றால், கம்ப்ரஸர்; வருட மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். கொச்சியிலோ இலங்கையின் காலியிலோ நிற்கும் பாய்மரப் படகுக்கும் மத்தியதரைக் கடலின் கோடைக்கும் கம்ப்ரஸர்தான் ஏற்றது. 30 டிகிரியில் டெசிகன்டின் சூட்டைத் தாங்க முடியாது. கரை மின்சாரத்தோடு எந்நேரமும் இணைந்திருக்கும் இரும்புப் படகுக்குக் கால்வானிக் ஐசலேட்டர் இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து ஒரு மின்சுற்று உருவாகி, படகின் இரும்பு தண்ணீருக்கடியில் அரித்துப்போகும்.

12 வோல்ட்டில் ஓடும் பெல்டியர் வகைச் சிறு எந்திரங்கள் ஒரு அலமாரிக்குப் போதும், படகுக்குப் போதாது. கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாக்களும் அப்படித்தான். அவற்றில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் இரும்பை அரிக்கும். படகு நகரும்முன் எடுத்து வைத்துவிட வேண்டும்.

வகை முடிவானபின் சில வசதிகளைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் போய் வந்தால் எந்திரம் தானே மறுபடி ஓடுமா? படகுத்துறைகளில் முன்பணம் செலுத்தும் மீட்டர் தீர்ந்துபோவதும், சுவிட்ச் விழுவதும் சாதாரணம். சில எந்திரங்கள் மின்சாரம் திரும்பினாலும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை உறங்கிக்கொண்டிருக்கும். தொட்டியோடு நிற்காமல், குழாய் மாட்டித் தண்ணீரைச் சிங்க்கில் விட வழி உண்டா? ஈரப்பதத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் கட்டுப்பாடு உண்டா? 55 சதவீதத்தில் வைத்தால் போதும். 70க்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும். 40க்குக் கீழே கொண்டுபோனால் உட்புறப் பலகைகள் சுருங்கி மூட்டுகள் விரியும், கட்டணமும் வீண். சத்தத்தைக் கடையில் அல்ல, மரத்தரையில் வைத்துக் கேட்க வேண்டும். கம்ப்ரஸரின் அதிர்வு படகு முழுக்கப் பரவும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் குறையும். கம்ப்ரஸர் எந்திரத்தைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து உள்ளேயிருக்கும் எண்ணெய் இறங்கச் சில மணி நேரம் விட்டபின்பே போடுங்கள்.

வைக்கும் இடம் படகின் நடுவில், எல்லாக் கதவும் திறந்தபடி. காற்று போகாத இடத்தில் எந்திரத்தால் எதுவும் செய்ய முடியாது. அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் வலைவிரிப்போ சட்டமோ போடுங்கள். சாம்பலும் துணிப்பிசிறும் வடிகட்டியை விரைவில் அடைக்கும். படகில் அதை வாராவாரம் சுத்தம் செய்வது நல்லது. டெசிகன்டின் சக்கரம் வாசனைகளையும் பிடித்து மெல்ல வெளியே விடும் என்பதால், பெயின்ட் அடிக்கும் நாளில் அதைப் போடாதீர்கள்.

ஆளில்லாத படகை எந்திரத்தை நம்பி விட்டுச் செல்வதில் இரண்டு கவனம். ஒன்று நெருப்பு. அமெரிக்காவில் 2013இல் அதிகமாகச் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரநீக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய எந்திரம் வாங்கினால் அதன் மாதிரி எண் திரும்பப் பெற்ற பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். அருகில் திரைச்சீலையோ துணியோ தொங்கக் கூடாது. இரண்டாவது வடிகால். பாய்மரப் படகில் சிங்க் வடிகாலின் கடல்வால்வை மூடிவிட்டு ஊருக்குப் போனால், குழாய் வழியே வரும் நீர் சிங்க்கை நிரப்பிப் படகுக்குள்ளேயே வழியும். வால்வை மூடித்தான் போக வேண்டும் என்றால் எந்திரத்தைத் தொட்டியோடு விடுங்கள். நிரம்பினால் தானே நிற்கும்.

ஆளில்லாதபோது திறப்புகளை மூடிவைப்பது சரி, இல்லையேல் எந்திரம் ஊர்க்காற்றை எல்லாம் உலர்த்திக்கொண்டிருக்கும். ஆள் இருக்கும்போது அது கூடவே கூடாது. கூரையிலும் கதவிலும் உள்ள நிலையான காற்றுத் துவாரங்களை ஈரநீக்கி ஓடுகிறதே என்று துணி வைத்து அடைக்கும் பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. கரி அடுப்பும் கேஸும் எரியும் சிறு அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையோ நிறமோ இல்லாமல் சேரும். எந்த ஈரநீக்கியும் அதை எடுக்காது. பிரிட்டனின் படகுப் பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் அதே நாளில் அந்தக் கருவியின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.